விசேஷ பந்தி

ஒரு வெட்கக்கேட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். சிநேகிதி, உன் கருமாதிச் சாப்பாட்டில் நான் சிரித்துவிட்டேன். எல்லாரும் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் தோள் குலுங்கியது. உன் மாமியார் பார்த்துவிட்டு, "பாவம், அழுகைய அடக்க முடியல போல" என்று தண்ணீர் கொடுத்தார். நானும் வாங்கிக் குடித்தேன்.

குற்றம் வாழையிலை மேல். இன்றைக்கும் தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரையில் யாரோ கல்யாணத்துக்கு இலை நறுக்கினார்கள். அந்தப் பச்சை வாசம் ஏறியதும் சிரிப்பு வந்துவிட்டது. அதனால்தான் பென்சிலை எடுத்தேன். பிழையெல்லாம் உன் மகள் செல்வி திருத்துவாள்.

செல்விக்குப் பிறவியிலேயே காது கேட்காது. நம்ம ரப்பர் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தை அரசாங்கம் எடுத்ததும் முதல் ஆளாக அவளைக் கையில் பிடித்துக்கொண்டு போனாய். பெரிய மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர், கெட்ட மனுசர் இல்லை. "உவளுக்குக் காது கேளாதெல்லோ, நான் என்னெண்டு படிப்பிக்கிறது?" என்றார். நீ கரும்பலகையைக் காட்டி, "அத காதாலயாங்க பாக்குறாங்க?" என்று கேட்டாய். நான் கதவுக்குப் பின்னால் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அதற்கென்று பயிற்சி எடுத்த டீச்சர் வேண்டும், கல்விக் கந்தோரில், அதுதான் ஆபீசில், கேள் என்று மாஸ்டர் அனுப்பிவிட்டார்.

நீ கேட்டது கொஞ்சமா? ரப்பர் பால் வெட்டி, வாளியை ஸ்டோரில் இறக்கிவிட்டு, கைப்பிசின் போகாமலே தெஹியோவிட்ட பஸ்ஸில் ஏறுவாய். கந்தோரில் எப்போதும் ஒரே பேச்சு: ஒரு பிள்ளைக்காக டீச்சர் தர முடியாது. "ஒண்ணுதான்னு இவங்களுக்கு யாருடி சொன்னது?" என்று திரும்பி வந்து என் மேல் பாய்வாய். நடக்க முடியாத பிள்ளை, பார்வை மங்கின பிள்ளை எல்லாம் நம்ம லயத்து வரிசை வீடுகளில் இருந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வீட்டுக்கு வீடு போய்க் கேட்டாய். "எங்க வீட்ல அப்புடி யாரும் இல்லையே" என்று கதவைச் சாத்தினார்கள்.

கடைசியில் கடைவீதி முதலாளியைப் பிடித்து, சிங்களத்தில் மனு எழுத வைத்து அனுப்பினாய். ஒருநாள் நான் கருவாடு வாங்கப் போனபோது அவர் சேதி சொன்னார். வெள்ளிக்கிழமை கந்தோர் மாத்தயா, அதாவது பெரிய ஐயா, பள்ளிக்கூடத்துக்கு வருகிறார், "விசேஷ பந்திய" விசயமாக. சிங்களத்தில் பந்திய என்றால் வகுப்பு. என் சிங்களமோ கருவாடு வாங்குகிற அளவுதான். விசேஷமும் பந்தியும் நம்ம வார்த்தைதானே? விருந்து போடுகிறார்கள் என்று லயம் முழுக்கச் சொல்லிவிட்டேன். உன்னிடம் "மாத்தயா வர்றாராம்" என்றதோடு சரி. விருந்து உனக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

நீ செல்வியோடு வந்து பார்த்தால், பள்ளிக்கூடம் நிறைய சனம். கல்யாணச் சீலை கட்டி, சம்மணம் போட்டு, ஆளுக்கொரு வாழையிலையோடு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சோறு என்றால் யாரை வீட்டில் விட்டு வருவது? மறைத்து வைத்திருந்த பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள்.

மாத்தயா வாசலிலேயே நின்றுவிட்டார். இவ்வளவு பேரும் விசேஷ பந்திக்கா என்று சிங்களத்தில் கேட்டார். நீ என்னைப் பார்த்த பார்வையில் ரப்பர் மரமே பட்டுப்போயிருக்கும். ஒரு நொடிதான். "ஓவ் மாத்தயா, ஒக்கோம" என்றாய். ஆமாம், எல்லாரும். அதில் ஒரு சொல் பொய்யில்லை. பிறகு இலைக்கு இலை நடந்து பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் காட்டினாய். பெற்றவர்கள் குனிந்து இலையைத் துடைத்தார்கள். செல்வியோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். மாத்தயா எழுதிக்கொண்டார்.

அவர் போனதும் "சோறு எங்க?" என்றவர்களுக்கு நீ மரவள்ளிக்கிழங்கு அவித்தாய். "வாயால கூட்டுனவ கையால உரி" என்று மொத்தக் கிழங்கையும் என்னிடம் தள்ளினாய். நடக்க முடியாத பிள்ளையின் தாய் உன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "இவனுக்கும் எழுத்து வருமாக்கா?" என்று மெல்லக் கேட்டாள். நீ என்னைக் காட்டி, "இந்தா, இவளுக்கே வரப்போகுது, பாரு" என்றாய்.

சில மாசத்தில் டீச்சர் வந்தார், வாரத்துக்கு இரண்டு நாள். சொன்ன சொல்லுக்காக ஒரு சிலேட்டு வாங்கித் தந்து, என்னையும் கடைசி வாங்குப் பலகையில் உட்கார வைத்தாய். செல்வி முதலில் எழுதியது உன் பேர். படிக்கத் தெரியாத நீ அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, "முத்து முத்தா இருக்கு" என்றாய். அன்றைக்கு மட்டும் நான் உன்னைக் கேலி செய்யவில்லை.

அந்தச் சிலேட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. போன வாரம் செல்வி ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தாள்: "வெள்ளிக்கிழமை ஸ்கூலில் பந்தி. வந்துவிடுங்கள்." இந்தத் தடவை நான் ஏமாறவில்லை, பந்தி என்றால் வகுப்பு. சிலேட்டைத் துடைத்து, பென்சிலைச் சீவி எடுத்துக்கொண்டு போனேன். மாற்றலாகிப் போகிற டீச்சருக்கு விருந்து. என் வரிசைக்கு வரும்போது இலை தீர்ந்துவிட்டது. சிலேட்டில் போட்டார்கள். சாம்பார் சட்டத்துக்குள் நின்றது. ரசம் நிற்கவில்லை.