துடைத்து வைத்த ஸ்டவ்

உறைவின் ஒன்பதாம் ஆண்டு, ஜனவரி 11. 06:00.
நாகப்பட்டினம் கிடங்கு. வெளியே மைனஸ் 38.

கிடங்குப் பொறுப்பாளர் பிரிஜித் அமலதாசுக்கு எழுபத்தாறு வயது, பொருள்களை மறந்துவிடுகிறார் என்று தலைமை நிலையத்தில் பேசிக்கொள்கிறார்கள். தவறு. எனக்கு வயது எழுபத்து நான்கு. எதையும் மறந்ததில்லை.

ஆய்வாளர் பூரணி இன்று உறைந்த கடல்மீது சைக்கிளில் கிளம்புகிறாள். அளவீட்டுக் கம்பம் 240 கி.மீ. தொலைவில். இந்தக் குளிரில் என்ஜின் ஓடாது. கூடாரம், இரட்டைத் தூக்கப்பை, பனியை உருக்க மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ். போன பயணத்தில் கிரீஸ் இறுகிச் சக்கரம் நின்றது. எனவே சக்கரம், செயின், ஸ்டவ் அனைத்திலும் எண்ணெயை எடுத்துவிட்டு சோப்புப் போட்டுக் கழுவினேன். செயினில் எண்ணெய்க்குப் பதில் பென்சில் கரித்தூள். கான்வென்ட் விடுதியில் கழுவிய பாத்திரத்தில் சிஸ்டர் விரலை ஓட்டிப் பார்ப்பார், வழுக்கக் கூடாது. நானும் ஓட்டிப் பார்த்தேன். வழுக்கவில்லை.

ஜனவரி 13. 18:00.
120 கி.மீ. தொலைவிலிருந்து பூரணி:
"பிரிஜித்தம்மா, சைக்கிள் பறக்குது. நீங்க மடிச்சு வச்ச துணியக் கலைக்கத்தான் பயமா இருக்கு. ஸ்டவ் ரெண்டு நாள் எரிஞ்சுது. இன்னைக்கு எவ்வளவு அடிச்சாலும் காத்து ஏற மாட்டேங்குது. பிளாஸ்க்ல பாதித் தண்ணிதான்."

19:10.
இங்குள்ள ஸ்டவ்வைப் பிரித்தேன். பம்ப் கம்பியின் முனையில் தோல் வாஷர். எண்ணெயில் ஊறியிருந்தால்தான் காற்றைப் பிடிக்கும். காய்ந்தால் சுருங்கும். அவள் ஸ்டவ்வில் அதையும் கழுவினேன். அவள் பையில் மாற்று வாஷர் வைத்தேன். அதையும் கழுவினேன்.

ஜனவரி 14. 06:00.
"மாத்து வாஷரும் அப்படியேதான். பேட்டரி சாகுது, இனிமே பேச முடியாது. எழுத்துன்னா ஒருவேளை வரும். நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்கம்மா."

நான் வாய் திறப்பதற்குள் இணைப்பு அறுந்தது. இன்னொரு சைக்கிள் போய்ச்சேர மூன்று நாள் ஆகும் என்கிறது தலைமை நிலையம். மண்ணெண்ணெய் தோலைக் காயத்தான் வைக்கும். வேறு எண்ணெய் அவளிடம் ஒரு சொட்டு இல்லை. நான் விட்டுவைக்கவில்லை.

11:20.
மைசூர்பாகு.

கிறிஸ்துமஸுக்குக் கிண்டியதில் எட்டுத் துண்டு. அவள் எதிர்பாராமல் கண்டெடுக்கட்டும் என்று ஒளித்து வைத்தேன். சாமான் பட்டியலில் எழுதவில்லை. நெய் சொட்டச் சொட்டக் கிண்டியது. நான்கு முறை எழுதி அனுப்பிவிட்டேன். படித்ததற்கான குறி வரவில்லை.

ஜனவரி 15. 18:00. பதினோராவது முறை.

பூரணி, தூக்கப்பை உறையின் அடியில், நீலத் துணிக்குள் மைசூர்பாகு இருக்கிறது. ஒரு துண்டை வாயில் வைத்து உருக்கு. அந்த நெய்யை வாஷரில் நன்றாகத் தேய். கழுவியது என் தவறு. பட்டியலில் எழுதாததும் என் தவறு. ஸ்டவ் எரிந்ததா என்று எழுத்தில் பதில் அனுப்பு.