ஏலகிரி மரங்களுக்கு நீ கட்டிய நீலப் பட்டு

என் பிரியமான எஸ்தர் அக்கா,

நீ மண்ணுக்குள் போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. இந்தக் கடிதத்தை ஏலகிரிச் சரிவில், நீ எங்களை உட்காரவைத்துக் கட்டுச்சோறு பிரிக்கும் அந்தப் பாறைமேல் நின்று, உன்னோடு மலையேறும் நம் கூட்டத்தார் எல்லோரும் கேட்க வாசிக்கப் போகிறேன். உன் பள்ளிக்கூட டீச்சர்கள், ஜோலார்பேட்டை ரயில்வே வீட்டு அம்மாக்கள், தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் மாசிலாமணி, எல்லோரும் இருப்பார்கள். அவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இதில் ஒரு வார்த்தைகூட மலையை விட்டு இறங்கக் கூடாது. உங்களில் யாருக்கு வாய் ஜாஸ்தி என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

சிரிக்கிறாய்தானே? "எங்க வீட்டு போலீசு" என்று என்னை எல்லோருக்கும் அறிமுகம் செய்துவைத்தவள் நீ. நான் மரம் செடி மேல் ஆசைப்பட்டா உன்னோடு வந்தேன்? அம்மா அனுப்பி வந்தேன். "மாசத்துல ரெண்டு சனிக்கிழம மல மேல இன்னாடி வேல அவளுக்கு? நீயும் போ. கண்ணத் தொறந்து வச்சிக்கினு பாரு" என்றாள். எனக்கு அதைச் சொல்லித்தரவா வேண்டும்? அதற்கு முன்பே டிரங்குப் பெட்டியில் அம்மாவின் பழைய புடவைகள் ஒவ்வொன்றாகக் குறைவதைக் கவனித்துவிட்டேன். யாருக்கோ கொண்டுபோய்க் கொடுக்கிறாய், அந்த யாரோ மலைமேல் இருக்கிறார் என்று தீர்மானமே செய்துவிட்டேன்.

முதல் நாளே ஜோலார்பேட்டை ஸ்டேஷனில் ஒரு கான்ஸ்டபிள் நம்மை மறித்தான். பொம்பளைகளும் ஆம்பளைகளுமாக வாளி, கயிறு, கூடை சகிதம் நின்றால் வேறென்ன நினைப்பான்? "இன்னாம்மா, மறியலா?" என்றான். "மலைக்குப் போறோம், அண்ணே. சும்மா நடக்க" என்றாய். அவன் நம்பவில்லை. அவனைச் சொல்லி என்ன, நானே நம்பவில்லை.

மேலே ஏறிய பிறகுதான் பார்த்தேன். தோல் பதனிடப் பட்டை வேண்டும் என்று கொன்றை மரங்களை உரித்துப் போட்டிருந்தார்கள். தோல் உரித்த ஆட்டைப் போல ஈரமாக, வெறும் உடம்போடு நின்றன. நீங்கள் எல்லோரும் மளமளவென்று சாணியையும் செம்மண்ணையும் குழைத்தீர்கள். உரித்த இடத்தில் பூசினீர்கள். வெயில் படாமல் மேலே துணி சுற்றினீர்கள். சுற்றிவர உரிக்காமல் ஒரு பக்கம் பட்டை மிச்சமிருந்தால் மரம் பிழைத்துக்கொள்ளும் என்று நீ ஒரு அம்மாவுக்கு விளக்கிக்கொண்டிருந்தாய். என் கண் அந்தத் துணியிலேயே நின்றது. அம்மாவின் கத்தரிப்பூக் கலர் புடவை!

"அடிப்பாவி! இங்கயா போய்ட்டு இருக்குது எல்லாம்?" என்று கத்தினேன்.

"அம்மா கிட்ட சொல்லப் போறியா, இல்ல அந்தப் பக்கம் முனையப் புடிக்கப் போறியா?" என்றாய்.

முனையைப் பிடித்தேன். ஆனால் சந்தேகம் போனதென்று நினைக்காதே. உரித்த பட்டை முழுக்க நம் ஆம்பூரில் எங்கே போகிறது? அப்பா மேஸ்திரியாக இருக்கும் தோல் மண்டிக்குத்தானே? அப்பா அங்கே பட்டையை எடை போட்டு வாங்குவதில்தான் நம் வீட்டு அடுப்பு எரிகிறது. அதைத் தின்றுகொண்டே நீ இங்கே வந்து கட்டுப் போடுகிறாய். இது யாருக்கான பிராயச்சித்தம் என்று யோசித்துக்கொண்டே இறங்கினேன். போதாததற்கு, நீ எந்த மரத்தில் கட்டினாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் நின்றது இந்த மாசிலாமணி. இரண்டு பேரும் பேசிக்கொள்ளவே மாட்டீர்கள். பேசியிருந்தாலாவது விட்டிருப்பேன்.

அடுத்த தடவை போனால் கந்தல் எல்லாம் அவிழ்ந்து புதரில் கிடக்கும். மிச்சமிருந்த பட்டையும் போயிருக்கும். உன் முகம் எப்படிப் போகும்! ஒருநாள் அந்தப் புதர் ஓரமே உட்கார்ந்து அழுதாய். நான் பார்க்காத மாதிரி நின்றேன்.

பிறகு உனக்கு அந்தப் பாழாய்ப்போன ஜுரம் வந்தது. மலைத் தண்ணீரால் என்றாள் அம்மா. இன்றைக்கும் அப்படித்தான் சொல்கிறாள். உன்னை அடக்கம் செய்ய, நீ டீச்சர் வேலைக்குப் பாஸானபோது அப்பா ஆரணியிலிருந்து வாங்கிவந்த நீலப் பட்டுப் புடவையைத் தேடினோம். வீடு முழுக்கத் தேடினோம். கிடைக்கவில்லை. அம்மா தன் கல்யாணப் புடவையைக் கட்டி உன்னை அனுப்பினாள். கல்லறைத் தோட்டத்து வாசலில் மாசிலாமணி உள்ளே வராமல் நின்றுகொண்டிருந்தார். நேரே போய், "எங்க அக்கா பட்டு உன் கிட்டதானே இருக்குது?" என்றேன். மனுஷன் பதில் சொல்லவில்லை. திருடன்தான் வாய் திறக்க மாட்டான் என்று எண்ணிக்கொண்டேன்.

இனி உனக்குத் தெரியாத சேதி. போன வாரம் அப்பா மண்டியிலிருந்து சிடுசிடுவென்று வந்தார்.

"கெழக்குச் சரிவுல ஒருத்தனும் கத்தி வைக்க மாட்டேன்றான். மரத்துக்கு யாரோ பட்டு சாத்தி இருக்காங்களாம். அம்மன் எறங்கி இருக்குதாம். மொதலாளி நம்பல. பேஜாரா போச்சு." என்னைப் பார்த்தார். "நீதான் அவ கூட போனவ. போய் அது இன்னா துணின்னு பாத்துட்டு வா. எவனாவது விளையாட்டுக்குக் கட்டினதுன்னா, நாளைக்கே ஆளுங்கள வுட்டு அவுத்துடுவாங்க."

நீ போன பிறகு முதல் தடவையாக மலைக்கு வந்தேன், அக்கா. நீலம். மரத்துக்கு மரம் உன் நீலப் பட்டு, கிழிகிழியாக. சரிகைக் கரை மட்டும் பெரிய கொன்றையின் இடுப்பில். அதன் அடியில் குங்குமம், எலுமிச்சம்பழம், உடைத்த தேங்காய். ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பிள்ளைகளுக்கு வேதம் சொன்ன எஸ்தர் டீச்சருக்கு ஏலகிரியில் கற்பூரம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது.

மாசிலாமணி அங்கேதான் தளர்ந்த ஒரு முடிச்சை இறுக்கிக்கொண்டிருந்தார். பிடித்துக்கொண்டேன்.

"பாதி அவங்களே கிழிச்சி, அந்தக் கோடி மரத்துக்கெல்லாம் கட்டினாங்க," என்றார். "கடைசியா வந்த அன்னிக்கு. நீங்க கீழ ஊத்துல தண்ணி மொள்ளப் போயிருந்தீங்க. நான் வேணாம்னுதான் சொன்னேன். மீதிய என் கிட்ட குடுத்து, மழைக்கு முன்ன கட்டிடுங்கன்னாங்க. அப்புறம் அவங்க வரல."

"அன்னிக்கி வாசல்ல வச்சி சொல்றதுக்கு இன்னா?"

"சொல்லி இருந்தா வாங்கி அவங்க கூட பெட்டில வச்சிருப்பீங்க. மரத்துக்கு இன்னா பண்றது?"



அக்கா, ஒன்று கேட்கிறேன். கந்தலை அவிழ்த்து எறிகிறவர்கள் பட்டுத் துணியைப் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று உனக்கு முன்பே தெரியுமா? தெரிந்துதான் கட்டினாயா? வேறு துணி இல்லாமல் கட்டினாயா? மாசிலாமணியைக் கேட்டேன். "கிழிக்கும்போது சிரிச்சாங்க" என்றார். அவ்வளவுதான். இன்னொன்றும் கேட்டேன், உன்னைப் பற்றி. அதற்கு அவர் வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். இதை வாசிக்கும்போது அவர் கீழே குனிந்து செருப்பைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்.

வீட்டுக்குப் போகும் ரயிலில் என்ன சொல்வதென்றே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்பாவிடம் நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். உண்மையைச் சொன்னால், அது அம்மன் புடவை இல்லை, என் அக்கா புடவை என்று மண்டிக்குத் தெரிந்துவிடும். கத்தி மறுநாளே மலையேறும்.

"இன்னா துணி?" என்றார், நான் வாசற்படி மிதித்ததும்.

"பட்டு."

"இன்னா கலரு?"

நீலம் என்று சொல்ல வேண்டியதுதான், அக்கா. அழுதுவிட்டேன். அப்பா என்னையே பார்த்தார். ஆரணிக் கடையில் உட்கார்ந்து தன் கையால் பொறுக்கி எடுத்தவர் அவர்தானே? சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். நான் சும்மா விடுவேனா, பின்னாலேயே போனேன். மண்டி வாசலில் முதலாளியிடம் சொன்னது என் காதால் கேட்டது.

"பொண்ணு போய்ப் பாத்துட்டு வந்துட்டா. சாமி மரந்தான். வேற மல பாருங்க."

அவருக்கு அதற்கு முன்பே தெரியுமோ? பட்டை உரிக்கிறவர்கள் நீலம் என்று சொன்ன அன்றைக்கே புரிந்துகொண்டு, சும்மா என்னை அனுப்பிப் பார்த்தாரோ? எனக்குச் சந்தேகம்தான்.

ஆனால் இன்று காலை நான் கிளம்பும்போது நடந்ததைக் கேள். அப்பா தன் ஜரிகை வேட்டியை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்கு மட்டும் கட்டுவாரே அதை, மடித்து என் கூடையில் வைத்தார். "வெயில்ல நீலம் சீக்கிரம் வெளுத்துடும்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள்.

இதை ரயிலில் உட்கார்ந்து எழுதி முடிக்கிறேன், வேட்டி என் மடியில் இருக்கிறது. வாசித்து முடித்ததும் கிழிப்போம். மாசிலாமணி ஒரு முனையைப் பிடிப்பார், இன்னொரு முனையை நான் பிடிப்பேன். மரங்களுக்குப் புதுப் பட்டை வளர்ந்து மூடுகிற வரைக்கும் மாசத்தில் இரண்டு சனிக்கிழமை தவறாமல் வருவேன், அக்கா. இவர்கள் எல்லோர் மேலும் ஒரு கண் வைத்திருப்பேன், அவர் மேல் இரண்டு கண்ணும்.

உன்னை வேவு பார்க்க வந்து இங்கேயே தங்கிவிட்ட உன் தங்கை,
சாராள்