வயலில் கட்டிய முட்டை அட்டை

கிள்ளை
6.12.2009

அன்பு மகன் எழிலனுக்கு, அம்மா சொல்லத் தம்பி எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம், மஸ்கட்டில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்க வேண்டும். உன் தங்கை இளமதிக்கு இது ஏழாம் மாதம், சிதம்பரத்தில் மாப்பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள், புளிப்பாகவே கேட்கிறாளாம். மழை விட்டு விட்டுப் பெய்கிறது. தினமும் ஹோட்டலில் சாப்பிடாதே.

அம்மா குழம்பைப் பார்க்கப் போய்விட்டாள், இனி நான், அறிவுமதி. போனில் சொன்னால் குறுக்கே பேசுவாய், அதனால் எழுதுகிறேன். அண்ணா, நீ மருந்து அடிக்கச் சொன்னது தப்பு. நம் சம்பாவில் குருத்துப்பூச்சி விழுந்திருக்கிறது. வைக்கோல் நிறத்தில் சின்ன அந்துப்பூச்சி, இலை நுனியில் முட்டை வைக்கும், புழு தண்டைத் துளைத்து உள்ளே போய்விட்டால் கதிர் வெளுத்துப் பதராகத்தான் வரும். அந்த முட்டையை அழிக்கிற பொடிக் குளவி ஒன்று உண்டு. அது பொரிந்து வரும் முட்டைகள் ஒட்டிய காகித அட்டையை வாங்கி வந்து, துண்டு துண்டாக வெட்டி, இலைக்கு அடியில் கட்டினேன். விவசாய டிப்ளமோ படித்தது பின்னே எதற்கு? அம்மா என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தம்பி வயலில் பூச்சி முட்டையைக் கட்டுகிறான் என்று உன்னிடம் சொல்ல, நீ அங்கிருந்தே சின்னையன் மாமாவுக்குப் போன் போட்டாய். அப்பா போனபிறகு மூத்தவன் சொல்தான் சொல் என்று அவர் மறுநாளே ஸ்பிரேயரோடு இறங்கிவிட்டார். குளவி செத்தது, தண்டுக்குள் புழு சௌகரியமாக இருக்கிறது. பக்கத்து வயல் சுப்புராயன், "தம்பி காசு குடுத்துப் பூச்சி வாங்கியாறான், அண்ணன் காசு குடுத்து அதக் கொல்றான், நல்ல குடும்பம்டா" என்கிறார். வரப்போரம் வெளுத்துவிட்டது. மீதிக் கதிர் இன்னும் வெளிவராமல் பொதிக்குள் இருக்கிறது, அதுவும் போனால் இந்த வருஷம் வீட்டுக்கு நெல் கிடையாது. இன்று காலை மறுபடி அட்டை கட்டினேன். இருப்புக் கொள்ளவில்லை, இதை எழுதும்போதே ஒருதரம் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். அறுப்பு வரைக்கும் வயலைப் பற்றி யாருக்கும் போன் போடாதே.

அம்மா வந்து படிக்கச் சொன்னாள், படித்தேன். "பெரியவனுக்கு இப்டியா எழுதுவாங்க, கிழிடா" என்றாள். கிழிக்கவில்லை. இந்தக் கடிதம் சேருமுன், வழக்கம்போல் வெள்ளிக்கிழமை அண்ணன் போன் செய்து மறுபடி மருந்து என்றால் என்ன செய்வாய் என்று கேட்டேன். "என்னாத்துக்குக் கத்துற? இனிமே சின்னவனக் கேக்காம வயல்ல எறங்கக் கூடாதுன்னு சின்னையங்கிட்ட காலையிலயே சொல்லிட்டேன்" என்றாள்.

மறுபடி அம்மா சொல்வது: தம்பிக்கு வாய் நீளம், மனதில் வைக்காதே. வயலை அவன் பார்க்கட்டும், நீ உன் உடம்பைப் பார். நடராஜர் துணையிருப்பார், நன்றாக இரு. இளமதிக்கு ஒரு போன் போடு.

உன் அம்மா,
ராசம்மாள்