கிளம்பிய பை

மார்ச் 4, செவ்வாய். பாங்காக்

காலையிலேயே புழுக்கம். துவைத்த துணி காயவில்லை. கால்வாய்ப் படகில் மூன்று தடவை போய்த் திரும்பினேன், இறங்க மனசில்லை. வீடுகளின் பின்பக்கம் எல்லாம் தண்ணீரைப் பார்த்தபடி. கொடியில் துணி, தொட்டியில் மிளகாய்ச் செடி, படியில் குந்தி வாணலி தேய்க்கும் ஒரு பெரியவர். ஏரியூர்ப் பள்ளியில் முப்பது வருடம் உலகப் படத்தைப் பிரம்பால் தட்டி, "இது தாய்லாந்து" என்றவள் நான். படத்தில் இளஞ்சிவப்பு. இங்கே பழுப்புத் தண்ணீர்.

போனில் ஊரில் இருக்கும் வீட்டுக்காரருக்குப் படகுச் சத்தம் கேட்க வைத்தேன். "நம்ம பரிசலுக்கு மோட்டார் வச்சாப்பல இருக்குது வாத்தியாரம்மா" என்றார். கட்டிய நாளிலிருந்து இதே கிண்டல்.

ஓய்வு பெற்றதும் இருவருக்கும் பாஸ்போர்ட் எடுத்தோம். ஜனவரியில் நான் மட்டும் கிளம்பினேன். அவர் வராததற்கு இதுவரை சொன்ன காரணங்கள்: சினை மாடு. புளி உலுக்கணும். போர் மோட்டார் ரிப்பேர். முட்டி வலி. மறுபடியும் மாடு.

மார்ச் 6, வியாழன். ஹுவா ஹின்

ரயிலில் வந்தேன். ஜன்னல் திறந்த பெட்டி, முகமெல்லாம் புழுதி. கடலோரத்தில் குதிரைச் சவாரி. மீன் சந்தையில் கணவாயைக் கொடியில் காயப்போட்டிருக்கிறார்கள். நாற்றம் முதலில் குமட்டியது, பிறகு பசித்தது.

சாயங்காலம் கடல் வெகுதூரம் உள்ளே போய்விட்டது. ஈர மணல் மட்டும். "அடேயப்பா, இங்க பாருங்க" என்று திரும்பினேன். பக்கத்தில் ஆள் இல்லை. இரண்டு மாதமாக இதே கூத்து, திரும்பித் திரும்பிக் கழுத்துதான் வலிக்கிறது.

அறுபத்திரண்டு வயது, அந்த மனுசன் இன்னும் கடல் பார்த்ததில்லை. கேட்டால் ஒகேனக்கல் பார்த்தாயிற்றாம், அதற்கு மேல் என்ன தண்ணீராம்.

மார்ச் 9, ஞாயிறு. ஹுவா ஹின்

வருகிறாராம்! புளி முடிந்தது. மாட்டைத் தம்பி கொட்டகையில் கட்டியாயிற்று. மனசு மாறுவதற்குள் டிக்கெட் போட்டுவிட்டேன். வரும் சனிக்கிழமை, சென்னையிலிருந்து பினாங்கு.

ஒரு மணி நேரத்தில் போன். "சனிக்கெழம கெழக்க சூலம். படத்துல தெச காட்டுனவளுக்கு இது தெரியாதா?" சூலம் உள்ள திசையில் அன்றைக்குப் பயணம் ஆகாது. மறந்தே போனேன். தயிர் சாப்பிட்டுக் கிளம்பினால் தோஷம் இல்லையே என்றேன்.

"பென்னாகரம் போறதுக்குத் தயிர் போதும். கடலத் தாண்டறதுக்கு?"

போச்சு என்று நினைத்தேன். ஆனால் வழியும் அவரே சொன்னார். வெள்ளிக்கிழமை நல்ல நேரத்தில் பையை வேறு வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது. பை கிளம்பினால் ஆள் கிளம்பின கணக்கு. மறுநாள் வழியில் பையை எடுத்துக்கொண்டால் சூலம் ஒட்டாது. சரி சாமி, எப்படியாவது வந்தால் சரி.

மார்ச் 12, புதன். ரயில்

விடிந்ததும் மலேசிய எல்லை. எதிர் இருக்கைப் பாட்டி பலாச்சுளை கொடுத்தார். மத்தியானம் பினாங்கு ஃபெர்ரி, உப்புக்காற்று.

அவர் கொண்டுவர வேண்டியவை: ராகி மாவு. முட்டித் தைலம். என் பழைய கண்ணாடி. செருப்பு புதுசு வேண்டாம், கடிக்கும்.

மார்ச் 14, வெள்ளி. பினாங்கு

மரத்தூண் மேல் கட்டிய வீடுகளுக்கு நடுவே நடந்தேன். பலகைக்கு அடியில் கடல். தமிழ்க் கடைத்தெருவில் மல்லிகை வாங்கினேன். பூக்காரம்மா, "யாரும்மா வர்றாங்க, மூஞ்சியெல்லாம் சிரிப்பு?" என்றாள். வெட்கமாகிவிட்டது, இந்த வயதில்.

பையை நாலு வீடு தள்ளி சின்னசாமி வீட்டில் வைத்தாயிற்றாம். எல்லாம் வைத்தீர்களா என்றேன். "எல்லாம் அதுலதான். அரகொறயா வச்சா அது கெளம்புனதா ஆவுமா?"

சிரித்தேன். சிரித்த வாய்க்கு ஒரு கேள்வி கேட்கத் தோன்றவில்லை.

மார்ச் 15, சனி

வரவில்லை.

பாஸ்போர்ட்டும் அந்தப் பையில். சின்னசாமி குடும்பம் விடியற்காலையிலேயே வீட்டைப் பூட்டிக்கொண்டு ஓசூரில் காதுகுத்துக்குப் போய்விட்டது. இவர் சாயங்காலம்தான் பைக்கு வருவார் என்று நினைத்தார்களாம். மேளச் சத்தத்தில் போனையும் எடுக்கவில்லை.

பூட்டை உடைக்கக் கூடாதா என்று கத்தினேன். "அடுத்தவன் வூட்டுப் பூட்ட ஒடச்சிட்டுத்தானா நான் கடலு பாக்கணும்?" என்றார்.

இரண்டு பேர் அறை. மல்லிகையை வாளித் தண்ணீரில் போட்டு வைத்தேன்.

மார்ச் 16, ஞாயிறு

மழை. வெளியே போகவில்லை. அவருக்கு வர இஷ்டமே இல்லை, பூட்டு ஒரு சாக்கு. அப்படித்தான் பட்டது. காலையில் இரண்டு தடவை போன் அடித்தார். எடுக்கவில்லை.

மத்தியானம் சேலத்திலிருந்து மகள் மலர். நேற்று அவரை வழியனுப்ப மொரப்பூர் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். "பையில்லாமயே வந்துட்டாரும்மா. கைல தயிர் டப்பா மட்டும். சின்னசாமி போன எடுத்துட்டா ஏதாச்சும் பண்ணலாம்னு உக்காந்திருந்தாரு. ட்ரெயின் வந்து போயிருச்சு. அப்புறமும் எந்திரிக்கல. அடுத்த ரெண்டு வண்டியும் பாத்துட்டுத்தான் வந்தாரு."

தயிரைச் சாப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லையாம்.

அழுதேன். என்ன பெண்பிள்ளை நான், போனையாவது எடுத்திருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

வெயில். காலையில் நானே கூப்பிட்டேன். எடுத்ததுமே அவர், "கடலு கிட்டத்துல இருக்குதா? போன அது பக்கம் வையி" என்றார். முட்டியளவு தண்ணீரில் நின்று நீட்டினேன். எவ்வளவு நேரமோ. காதில் வைத்தபோது மூச்சு மட்டும் கேட்டது.

டிக்கெட் புதன்கிழமைக்கு. கிழக்கே சூலம் இல்லை, இரண்டு தடவை பார்த்துவிட்டேன். சின்னசாமி வந்தாயிற்று, பையை வீட்டுக்கு எடுத்து வந்தீர்களா என்றேன்.

"எதுக்கு? கெளம்புன பை கெளம்புனதுதான், அங்கயே இருக்குது. பாஸ்போர்ட்ட மட்டும் எடுத்து சட்டப் பையில போட்டுக்கிட்டேன். தூங்கறப்பகூடக் கழட்டறதில்ல."

புதன் வரைக்கும் அதே சட்டைதானாம். வந்ததும் முதலில் அதைத் துவைக்க வேண்டும்.