நான் கேட்காத சத்தியம்

அன்பு மகளுக்கு,

எப்போது போன் செய்தாலும் உன் கட்சிச் செயலாளர்தான் எடுக்கிறார். அதனால் பக்கத்து வீட்டு டெய்லரை எழுதச் சொல்லி, உன் கையிலேயே கொடுக்கவும் சொல்லியிருக்கிறேன். எனக்குப் படிக்கத் தெரியாதென்று சொந்தச் சரக்கைச் சேர்த்துவிடுவாரோ என்று வாசிக்கவைத்தும் கேட்டுவிட்டேன். "உங்ககிட்ட வந்து மாட்டுனேனே மாமா" என்கிறார்.

செயலாளர் நேற்று வீட்டுக்கு வந்தார். ஓட்டுக் கேட்க வந்தபோது செருப்போடு உள்ளே நுழைந்தவர், நேற்று வாசலிலேயே கழற்றினார். அப்போதே எனக்குச் சுருக்கென்றது. "கவுன்சிலரா பதவி ஏக்கும்போது கடவுள் பேரால சத்தியம் பண்ணணும்னு உங்க பொண்ணே ஆசைப்படுறாங்க, பெரியவரே" என்றார்.

நீயா ஆசைப்பட்டாய்? உன் அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது நான் சாமி கும்பிட்டேன், நீ மருந்து கொடுத்தாய். "எனக்கு நம்பிக்கை இல்லப்பா, இருக்கற மாதிரி நடிக்கவும் வராது" என்று அன்று சொன்னவள் நீ. உன் அம்மாகூட அதற்குக் கோபப்படவில்லை.

என்னிடம் "உங்க பொண்ணு ஆசை" என்றவர் உன்னிடம் "உங்கப்பா ஆசை" என்றுதான் சொல்லியிருப்பார். நான் கேட்கவே இல்லையம்மா. கடவுள் பெயரைச் சொல்லாமலும் உறுதி எடுக்கலாமாம். டெய்லர் சொல்கிறார்; எதற்கும் நீயே விசாரித்துக்கொள்.

என் சாமியை நான் பார்த்துக்கொள்கிறேன். எனக்காக நீ அவர் பேரில் பொய் சொல்லாதே. நாளை நீ பதவி ஏற்பதைப் பார்க்க மன்றத்துக்கு வருவேன். உன் மனசில் இருப்பதைச் சொன்னால் முதல் ஆளாகக் கை தட்டுவேன். வேறு எதையாவது சொன்னால், யார் சொல்லிக்கொடுத்தது என்று அங்கேயே எழுந்து கேட்பேன்.

உன் அப்பா