போனை எடுக்கிற பழக்கம்

காரைக்குடி
6-6-2024

அன்புள்ள பல்கீஸுக்கு,

தீபா எழுதுகிறேன். கூடப் படித்தவள் இந்தக் காலத்தில் தபாலில் கடிதம் போடுகிறாளே, இவளுக்கு என்ன வந்தது என்று நினைப்பாய். என் போன் பீரோவுக்குள் அணைந்து கிடக்கிறது. அதுதான் காரணம்.

மாசியில் காளையார்கோவிலில் அப்பா தவறிப்போன சேதி போனில்தான் வந்தது. அன்றிலிருந்து மணிச்சத்தம் கேட்டாலே நெஞ்சு படபடக்கிறது, கை வேர்க்கிறது. யாரோ போய்விட்டார்கள் என்றே மனம் சொல்கிறது. பக்கத்து வீட்டுப் போன் அடித்தாலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவர். "நீ எடுக்கலேன்னா நான் யாருகிட்டடி பேசுறது?" என்று வரும்போதெல்லாம் கேட்கிறார்.

போன வாரம் திருச்சி ஹாஸ்டலில் மகள் யாழினிக்குக் கடும் காய்ச்சல். என்னை அழைத்து அழைத்துப் பார்த்திருக்கிறாள். கடைசியில் ஒரு தோழிதான் பஸ்ஸில் கூட்டிவந்து விட்டாள். உடம்பு தேறிக் கிளம்பும்போது, "நீ இருந்தும் இல்லாத மாதிரிதாம்மா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ சென்னையில் மனநல ஆலோசனை படிப்பதாக உன் அம்மா சொன்னார்கள். இதற்கு ஏதும் வழி உண்டா?

உன்
தீபலட்சுமி

*

சென்னை
14-6-2024

என் தீபாவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்ததும் எத்தனை சந்தோஷம். வழி உண்டு. நான் படிப்பதே அதைத்தான். சிபிடி என்போம்; எண்ணத்தையும் பழக்கத்தையும் ஆராய்ந்து மாற்றிக்கொள்ளும் முறை. ஏதோ ஒன்று நடக்கிறது, அதைப் பற்றி ஓர் எண்ணம் எழுகிறது, எண்ணத்தால் பயம், பயத்தால் ஒரு செயல். போனை அணைத்ததும் உனக்கு நிம்மதியாக இருக்கும். அந்த நிம்மதிதான் பயத்துக்குத் தீனி.

உன் எண்ணம் தப்பு, தீபா. உனக்கு வந்த அத்தனை அழைப்பிலும் சாவுச் சேதி எத்தனை? ஒன்றுதானே. கணக்குப் போட்டுப் பார். நாளைக்கே போனை வெளியே எடுத்து ஆன் செய். தைரியமாக இரு.

பல்கீஸ்

*

காரைக்குடி
22-6-2024

பல்கீஸுக்கு,

அந்த ஒன்று என் அப்பா.

நீ சொன்னபடி ஆன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அடித்தது. தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் போட்டுவிட்டுக் கொல்லைக்கு ஓடிவிட்டேன். இப்போது முன்னைவிட மோசம். நான் உன் தோழி, உன் பரீட்சைத் தாள் அல்ல. பதில் எழுத வேண்டும் என்றில்லை.

தீபலட்சுமி

*

சென்னை
1-7-2024

தீபா,

எழுத வேண்டாம் என்றாலும் எழுதுகிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் பேரைச் சொல்லாமல் எங்கள் ஆசிரியர் மெய்யநாதனிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவங்க எண்ணத்தைத் தப்புன்னு யார் சொன்னது? அவங்களா கண்டுபிடிச்சாங்களா, நீங்களா?" என்று கேட்டார். பிறகு, "தோழிக்கு வைத்தியம் பார்க்காதீங்க. தோழியா இருங்க, போதும்" என்றார்.

உன் கடிதம் வந்த அன்று, நான் இந்த வேலைக்கே லாயக்கில்லை என்று தோன்றியது. வகுப்பில் கற்றதை எனக்கே செய்து பார்த்தேன். இந்த எண்ணத்துக்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன என்று எழுதிப் பார்த்தால், நான் அவசரப்பட்டேன் என்பது மட்டும்தான் மிஞ்சியது. அது திருத்திக்கொள்ளக் கூடியது.

காரைக்குடியிலேயே மெய்யம்மை என்று ஓர் ஆலோசகர் இருக்கிறார். நன்றாகத் தேர்ந்தவர். விலாசம் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். போவதும் போகாததும் உன் விருப்பம்.

முதலில் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். உன் அப்பா எப்படிப்பட்டவர்? எனக்கு எழுது.

பல்கீஸ்

*

காரைக்குடி
19-8-2024

அன்புள்ள பல்கீஸுக்கு,

கோபம் ஆறி வெகுநாளாகிறது; தையல் வேலை நெருக்கியதால்தான் தாமதம். அப்பா முன்கோபி. ஆனால் ஆட்டுக்குட்டியைக்கூடப் பேர் வைத்துத்தான் கூப்பிடுவார். இதை எழுதும்போது சிரிப்பு வருகிறது. அவரை நினைத்துச் சிரிப்பு வருவது இதுதான் முதல் தடவை.

மெய்யம்மையிடம் போய்க்கொண்டிருக்கிறேன். அவர் எதையும் சொல்வதில்லை, கேட்கிறார்.

"போன்ல கெட்ட சேதி வந்துட்டா என்ன ஆகும்னு நினைக்கிறீக?"

"என்னால தாங்க முடியாது."

"அப்பா சேதி வந்தப்ப என்ன செஞ்சீக?"

யோசித்தேன். அடுப்பை அணைத்தேன். என் வீட்டுக்காரருக்குச் சொன்னேன். அழுத தம்பியைப் பிடித்து உட்காரவைத்தேன். காரியம் முடிகிறவரை வந்தவர்களுக்குச் சாப்பாடு பார்த்தேன்.

"தாங்க முடியாதுன்னீகளே" என்றார். அங்கேயே அழுதுவிட்டேன்.

அதன் பிறகுதான் பழக்கம் ஆரம்பித்தது. முதலில், யாரும் கூப்பிடாமலே மணிச்சத்தத்தை மட்டும் ஓடவிட்டு, படபடப்பு தானாக அடங்குகிறவரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன். அப்புறம் முன்கூட்டியே சொல்லிவிட்டு மெய்யம்மை கூப்பிட்டார். இப்போது சொல்லாமல். எடுக்கும் முன் என்ன நினைத்தேன், எடுத்தபின் என்னவாக இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நேற்று அடித்தபோது இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்தேன். எடுத்தால், ஜாக்கெட் தைக்கக் கொடுத்திருந்த ஆத்தங்குடி சோலையம்மாள். "அக்கா, கைய ரொம்ப இறுக்கிட்டீக, பிரிச்சுத் தாரீகளா?" என்றாள்.

குறை கேட்டு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

தீபா

*

காரைக்குடி
30-9-2024

அன்புள்ள பல்கீஸ்,

பதறாமல் படி. எல்லோரும் நலம்.

போன வாரம் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. எடுத்தேன். "அண்ணி, நான் அண்ணன்கூட வண்டியில வந்தவன். மேலூர்கிட்ட லாரி சாஞ்சிருச்சு. அண்ணன ஆஸ்பத்திரியில சேத்திருக்கு" என்றது ஒரு குரல்.

நான் பயந்த அதே சேதி. ஆனால் ஓடவில்லை. எந்த ஆஸ்பத்திரி, பேச்சு இருக்கிறதா, அடி எங்கே என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். கிடைத்த பஸ்ஸில் ஏறினேன். வலது கை எலும்பு முறிந்ததோடு போயிற்று. என்னைப் பார்த்ததும், "நீ எடுக்கமாட்டேன்னுதான் நெனச்சேன்" என்றார். அதற்கு முன் அவர் கண் கலங்கி நான் பார்த்ததில்லை.

கெட்டது எதுவும் வராது என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. வந்தால் நான் இருப்பேன் என்றுதான் கற்றுக்கொண்டிருக்கிறேன். நீயும் உன்னிடம் வருகிறவர்களை அவசரப்படுத்தாதே.

இப்போது இவர் வீட்டில்தான் இருக்கிறார். இடது கையால் சாப்பிட்டுச் சட்டையெல்லாம் குழம்பு.

நேற்றுச் சாயங்காலம் யாழினி கூப்பிட்டாள். அந்தக் காய்ச்சலுக்குப் பிறகு அவளாகக் கூப்பிட்டது இப்போதுதான். இரண்டாவது மணிக்கே எடுத்துவிட்டேன்.

"என்னடி, உடம்புக்கு என்ன?" என்றேன்.

"ஒண்ணுமில்லம்மா. சும்மாதான் போட்டேன்."

உன்
தீபா