அட்டையில் உங்கள் சிரிப்பு

டோகா

அப்பாவுக்கு வணக்கம்.

நான் சுகம். உங்கள் முழங்கால் வலி எப்படி? அம்மாவின் சளி மாறிவிட்டதா? போனில் சொன்னால் பாதியில் வைத்துவிடுவீர்கள் என்பதால் எழுதுகிறேன்.

வயல் வாழ்க்கை பற்றிய சிறுவர் கதைக்குப் படம் வரைகிறேன் என்றேனே, முடித்துவிட்டேன். என் முதல் புத்தகம். அதில் வயல் உழும் கமக்காரருக்கு உங்கள் முகத்தை வைத்தேன். பதிப்பாளர் ஸ்ரெல்லா அக்கா உடனே போன் எடுத்தார்.

“தம்பி, இந்த ஐயா பிள்ளையளைக் கடிக்கப்போற மாதிரி நிக்கிறார். கொஞ்சம் சிரிக்க விடும்.”

நீங்கள் சிரித்து நான் கண்டது ஒரே ஒரு தடவை. தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கும்போது நாலு மாதம் மினக்கெட்டு நான் செய்த களை எடுக்கும் மிசின், நம் வயல் சேற்றில் இறுகி நின்ற அன்று. “எல்லாரும் ஓடி வாங்கோ, எங்கட இஞ்சினியரின்ர மிசின் படுத்திட்டுது!” என்று அயல் வயல்காரரையெல்லாம் கூப்பிட்டுச் சிரித்தீர்கள். அதைப் பல்லுப் பல்லாக வரைந்து அனுப்பினேன்.

“என்ன பாசமான சிரிப்பு!” என்று அக்கா அதையே அட்டையில் போட்டுவிட்டார்.

யாராவது இங்கே வந்தால் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுங்கள். கூடவே இரண்டு வரி எழுதி வையுங்கள், ஏச்சென்றாலும் சரி.

விசுவமடுவில் நம் முன்பள்ளிக்குப் பத்துப் புத்தகம் வருகிறது. பிள்ளைகள் உங்களைக் கண்டால் அட்டையில் உள்ளதுபோலச் சிரிக்கச் சொல்வார்கள். சிரித்துக் காட்டுங்கள். அது எதற்கு வந்த சிரிப்பென்று அவர்களுக்குத் தெரியாது.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது.

விதுசன்